யார் திறந்தார், யார் அழித்தார்: சர்வரில் உள்ள பகிர்வு ஃபோல்டர்களைத் தணிக்கை செய்வது எப்படி?

பொதுச் சர்வரில் இருந்த கோப்பு ஒன்று காணாமல் போன பிறகுதான் பல இடங்களில் இந்தக் கேள்வியே எழுகிறது: யார் அழித்தது? அப்போது சர்வரைத் திறந்து பார்த்தால் பதில் கிடைக்காது. விண்டோஸ் சர்வரானாலும் சரி, லினக்ஸில் ஓடி ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளுக்கும் பகிர்ந்து தரும் சம்பா என்ற மென்பொருளானாலும் சரி, எந்தக் கோப்பை யார் தொட்டார்கள் என்பதை நாம் சொல்லாமல் எழுதி வைப்பதில்லை. தணிக்கையை இயக்கிய நேரத்திலிருந்துதான் பதிவு தொடங்கும். நேற்று நடந்ததை இன்று இயக்கித் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கோப்புகள் பத்திரமாக இருக்கும்போதே இந்த வேலையைச் செய்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அணுகல் தணிக்கை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. யாரால் திறக்க முடியும் என்று பார்ப்பது ஒன்று. யார் உண்மையில் திறந்தார்கள் என்று பார்ப்பது மற்றொன்று. முதல் வேலைக்கு அனுமதிப் பட்டியலைப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு லாக்கை, அதாவது நடந்தவற்றைச் சர்வர் எழுதி வைக்கும் பதிவேட்டை, படிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் நேரே லாக்குக்குப் போய்விடுகிறார்கள். அது தலைகீழ் வரிசை. நூறு பேருக்குத் தேவையில்லாமல் அழிக்கும் உரிமை இருக்கும் ஃபோல்டரில் லாக் வைத்தால், விபத்து நடந்த பிறகு பெயர் தெரியும், அவ்வளவுதான். தொண்ணூறு பேரின் உரிமையை எடுத்துவிட்டால் விபத்துக்கான வாய்ப்பே பெரிதும் குறைந்துவிடும்.

முதலில் அனுமதிகள்

விண்டோஸில் ஒரு பகிர்வு ஃபோல்டருக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவு, ஷேர் அனுமதி. உள்கதவு, டிஸ்க்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) அனுமதி. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் கடக்க வேண்டும். இரண்டில் எது குறுகலோ அதுதான் அவருக்குக் கிடைக்கும். ஷேரில் ரீட் மட்டும் இருந்து, என்டிஎஃப்எஸ்ஸில் மாடிஃபை இருந்தால், அவரால் படிக்க மட்டுமே முடியும். சர்வரிலேயே உட்கார்ந்தோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாகவோ நுழைந்து டிஸ்க்கை நேரடியாகத் திறப்பவருக்கோ வெளிக்கதவே கிடையாது. ஆகவே ஷேர் அனுமதியை மட்டும் நம்பிப் பாதுகாப்பது தவறு. ஷேர் பக்கத்தை அகலமாக வைத்து, உண்மையான கட்டுப்பாடு முழுவதையும் என்டிஎஃப்எஸ்ஸில் வைப்பதுதான் பெரும்பாலான நிர்வாகிகளின் வழக்கம். இரண்டு இடங்களில் விதவிதமான விதிகள் இருந்தால், ஆறு மாதம் கழித்து அவற்றை எழுதியவருக்கே புரியாது.

ஒரு குறிப்பிட்ட பயனருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க, ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் செக்யூரிட்டி, பிறகு அட்வான்ஸ்டு, அங்கே எஃபெக்டிவ் ஆக்சஸ் என்ற தாவலுக்குப் போய்ப் பெயரைக் கொடுங்கள். குழுக்களுக்குள் குழு என்று அடுக்கடுக்காக வரும் உரிமைகளையும் கூட்டிக் காட்டும். ஷேர் அனுமதியைத் தனியாகவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை எடுக்கும்போது ஒவ்வொரு ஷேருக்கும் இவற்றைக் குறித்தால் போதும்: ஷேரின் பெயர், டிஸ்க்கில் அது இருக்கும் இடம், எந்தக் குழுவுக்கு என்ன உரிமை, அந்தத் தரவுக்குப் பொறுப்பானவர் யார். கடைசிக் குறிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். சம்பள ஃபோல்டரை யார் பார்க்கலாம் என்பதைக் கணினிப் பிரிவு முடிவு செய்யக்கூடாது. அந்தத் துறையின் தலைவர்தான் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் பெயர் இல்லாத ஷேரில் அனுமதிகள் கூடிக்கொண்டே போகும். குறைக்கச் சொல்ல ஆள் இருக்காது.

பட்டியலைப் படிக்கும்போது கண்ணில் பட வேண்டியவை சில உண்டு. எவ்ரிஒன், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், டொமைன் யூசர்ஸ் என ஏறக்குறைய எல்லாரையும் உள்ளடக்கும் பெயர்களுக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். குழுவுக்குப் பதிலாகத் தனிநபர் பெயர் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவர் துறை மாறும்போது அந்த வரியை எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் தெரிந்தால், பெரும்பாலும் அது அழிக்கப்பட்ட ஒரு கணக்கின் மிச்சம். மரபுரிமை (மேல் ஃபோல்டரின் அனுமதிகள் தானாக இறங்கி வருவது) துண்டிக்கப்பட்ட உள்ஃபோல்டர்களையும் தேடிப் பிடியுங்கள். மேல் ஃபோல்டரில் நீங்கள் செய்யும் திருத்தம் அவற்றுக்குள் இறங்கவே இறங்காது.

சாதாரணப் பயனருக்கு ஃபுல் கன்ட்ரோல் தர வேண்டிய தேவை ஏறக்குறைய வராது. மாடிஃபை தந்தாலே படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஃபுல் கன்ட்ரோலில் கூடுதலாக வருபவற்றில் முக்கியமானவை அனுமதிகளை மாற்றும் உரிமையும் உரிமையாளராக மாறும் உரிமையும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: கோப்பின் உரிமையாளருக்கு, அதாவது வழக்கமாக அதை உருவாக்கியவருக்கு, பட்டியலில் எந்த வரியும் இல்லாவிட்டாலும் அதன் அனுமதிகளை மாற்ற முடியும். யாரும் கொடுக்காத உரிமை ஒரு கோப்பில் எப்படி வந்தது என்று குழம்பும்போது, உரிமையாளர் பெயரைப் பாருங்கள்.

ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினால் அந்த நொடியே கதவு மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். அவர் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தால் பழைய குழுப் பட்டியலே அவரிடம் இருக்கும். வெளியேறி மீண்டும் உள்நுழையும்போதுதான் மாறும். உடனே தடுக்க வேண்டுமானால், கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் பகுதிக்குள் செஷன்ஸ் பட்டியலைத் திறந்து அவருடைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவர் கணினியிலிருந்தும் வெளியேறச் செய்ய வேண்டும்.

இரண்டு சுவிட்சுகள்

இனி லாக். விண்டோஸில் கோப்புத் தணிக்கைக்கு இரண்டு சுவிட்சுகள். இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் பதிவாகவில்லையே என்று தேடுவதுதான் தொடக்கத்தில் நிகழும் மிகச் சாதாரணமான தவறு.

முதல் சுவிட்ச் சர்வர் முழுவதற்குமானது. பல கணினிகளுக்கான அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து வைக்கும் குரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், செக்யூரிட்டி செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசி கான்ஃபிகரேஷன், ஆடிட் பாலிசீஸ், ஆப்ஜெக்ட் ஆக்சஸ் என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே ஆடிட் ஃபைல் சிஸ்டம் என்பதில் சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் குறியிடுங்கள். ஆடிட் ஃபைல் ஷேர் என்பதையும் இயக்குங்கள். பழைய பாணி ஆடிட் பாலிசி ஒன்றும் அதே செட்டிங்ஸுக்குள் லோக்கல் பாலிசீஸின் கீழ் இருக்கிறது; இரண்டையும் கலந்து வைத்தால் எது வேலை செய்கிறது என்றே தெரியாமல் போகும். செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் பட்டியலில் ஆடிட்: ஃபோர்ஸ் ஆடிட் பாலிசி சப்கேட்டகரி என்று தொடங்கும் வரியை இயக்கினால் புதிய பாணியே செல்லுபடியாகும். குரூப் பாலிசி சர்வரை எட்ட வழக்கமாக 90 நிமிடமும், அதற்கு மேல் 30 நிமிடம் வரையும் ஆகலாம். காத்திருக்க முடியாதென்றால் சர்வரில் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் தெரிவுடன் ஓட்டுங்கள்.

இரண்டாவது சுவிட்ச் ஃபோல்டரில் இருக்கிறது. ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஆடிட்டிங், ஆட். அங்கே நான்கு கேள்விகள் வரும். யாரை என்ற கேள்விக்கு எவ்ரிஒன் என்று கொடுங்கள். டொமைன் யூசர்ஸ் என்று கொடுத்தால் சர்வரின் உள்ளூர்க் கணக்குகள் தப்பிவிடும். தவறு நடந்தால் நாம் தேட வேண்டிய கணக்கு அதுவாகவே இருக்கலாம். வெற்றியா தோல்வியா என்பதற்கு, தேவைக்கேற்பத் தனித்தனி வரிகள் எழுதலாம். எதுவரை என்பதற்கு இந்த ஃபோல்டர், உள்ஃபோல்டர்கள், கோப்புகள் என்ற தெரிவு. எந்தச் செயல்களை என்ற நான்காவது கேள்வியில்தான் நிதானிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பதியச் சொன்னால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஈவென்ட், அதாவது லாக்கில் விழும் ஒரு பதிவு, ஏறத்தாழ ஒரு கேபி இடம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி லாக்கின் அளவு மாற்றப்படாமல் 20 எம்பி என்றே இருந்தால், அதில் சுமார் 20,000 ஈவென்ட்கள்தான் நிற்கும். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் பேக்கப் மென்பொருளோ ஆன்டிவைரஸோ இரவில் 50,000 கோப்புகளைப் படித்தால், முந்தைய நாள் முழுவதும் அழிந்து, அந்த மென்பொருளின் பெயர் மட்டுமே லாக்கில் மிஞ்சும். மனிதர்கள் செய்வதும் குறைவல்ல. படங்கள் நிறைந்த ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்தாலே சிறுபடம் காட்டுவதற்காக ஒவ்வொரு கோப்பும் படிக்கப்படும்.

எனவே பொதுவான வேலை ஃபோல்டர்களில் நான்கு செயல்களின் வெற்றியை மட்டும் குறியிடுங்கள்: டிலீட், டிலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்டு ஃபைல்ஸ், சேஞ்ச் பெர்மிஷன்ஸ், டேக் ஓனர்ஷிப். யார் திருத்தினார் என்பதும் தேவையென்றால் க்ரியேட் ஃபைல்ஸ் அல்லது ரைட் டேட்டா என்பதைச் சேருங்கள். படிப்பதைப் பதிய வேண்டிய ஃபோல்டர்கள் உண்மையில் மிகக் குறைவு. சம்பளம், ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு போன்றவை. அவற்றை ஒரே இடத்தில் ஒதுக்கி, அங்கே மட்டும் ரீட் டேட்டாவை இயக்குங்கள். தோல்விகளுக்கென்று தனி வரி எழுதினால் தடுக்கப்பட்ட முயற்சிகளும் தெரியும். லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள மரத்தின் உச்சியில் ஆடிட்டிங் வரியைச் சேர்க்கும்போது விண்டோஸ் ஒவ்வொரு கோப்பிலும் அதை எழுதிக்கொண்டே போகும். வேலை நேரத்துக்கு வெளியே செய்யுங்கள்.

லாக்கின் அளவை, லாக்குகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டி லாக்கின் ப்ராப்பர்டீஸில் மாற்றலாம். பரபரப்பான ஃபைல் சர்வருக்கு 1 முதல் 4 ஜிபி வரை வைப்பது பொருத்தமாக இருக்கும். நிரம்பினால் என்ன செய்வது என்பதற்கு மூன்று தெரிவுகள்: பழையதை அழித்து எழுது, காப்பகமாகச் சேமித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு, அழிக்காதே. மூன்றாவதைத் தெரிவு செய்தால் நிரம்பியபின் புதிய ஈவென்ட்கள் பதிவாகாது. அத்துடன், பதிய முடியாவிட்டால் கணினியை நிறுத்து என்ற பாலிசியும் இயங்கிக்கொண்டிருந்தால் சர்வரே நின்றுவிடும். காப்பகத் தெரிவு நல்லது, ஆனால் அந்தக் கோப்புகள் சிஸ்டம் டிஸ்க்கை நிரப்பிவிடாமல் அவ்வப்போது வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும்.

அமைத்த பிறகு சோதித்துப் பாருங்கள். சாதாரணப் பயனர் கணக்கில், வேறொரு கணினியிலிருந்து, ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கி, திருத்தி, பெயர் மாற்றி, அழியுங்கள். ஒவ்வொரு செயலின் மணியையும் தாளில் எழுதிக்கொண்டு, லாக்கில் அந்தந்த நேரத்தில் என்ன வந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். லாக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

லாக்கைப் படிப்பது

ஒவ்வொரு வகை ஈவென்டுக்கும் ஓர் எண் உண்டு. முதலில் தேட வேண்டிய எண் 4663. ஒரு கோப்பில் ஒரு உரிமை உண்மையில் பயன்படுத்தப்பட்டது என்பதே இதன் பொருள். கணக்கின் பெயர், லாகான் ஐடி (அந்த உள்நுழைவுக்கான எண்), கோப்பின் முழுப் பாதை, ஹேண்டில் ஐடி (திறந்த கோப்புக்குத் தற்காலிகமாகத் தரப்படும் எண்), என்ன செயல் ஆகிய ஐந்தும் இதில் இருக்கும். செயல் என்ற இடத்தில் ரீட் டேட்டா, ரைட் டேட்டா, டிலீட் போன்ற சொற்கள் வரும். எக்ஸ்எம்எல் வடிவில் எடுத்தால் சொற்களுக்குப் பதில் எண்கள் இருக்கும்: 4416 என்றால் படித்தல், 4417 எழுதுதல், 1537 அழித்தல். ஃபோல்டரைத் திறந்து பட்டியலைப் பார்ப்பதும் கோப்பைப் படிப்பதும் ஒரே எண்ணில்தான் வரும். பாதையைப் பார்த்து இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். தடுக்கப்பட்ட முயற்சிகள் 4663-இல் வரவே வராது. அவை 4656-இல் தோல்வி என்ற குறியுடன் வரும்.

டிலீட் என்ற சொல்லைக் கண்டதும் அழித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கோப்பின் பெயரை மாற்றவும், அதே டிரைவுக்குள் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தவும்கூட டிலீட் உரிமைதான் கேட்கப்படுகிறது. உண்மையாகவே அழிந்தால் மட்டும் 4660 என்ற ஈவென்ட் கூடவே வரும். ஆனால் அதில் கோப்பின் பெயர் இருக்காது. ஹேண்டில் ஐடி மட்டுமே இருக்கும். அதே ஹேண்டில் ஐடியுடன் சற்று முன்னே வந்த 4663-ஐத் தேடினால் பெயர் கிடைக்கும். ஹேண்டில் எண்கள் மறுபடி மறுபடி பயன்படுத்தப்படுபவை. ஆகவே நேரமும் நெருங்கியிருக்கிறதா என்று பார்த்தே இரண்டையும் இணையுங்கள்.

வேர்டும் எக்ஸெலும் இன்னொரு குழப்பத்தை உண்டாக்கும். சேமி என்று அழுத்தியதும் இவை பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, பெயர்களை மாற்றி, பழையதை அழிக்கின்றன. லாக்கில் பார்த்தால், ஒழுங்காகத் தன் வேலையைச் சேமித்தவர் கோப்பை அழித்தவராகத் தெரிவார். அதே பெயரில் கோப்பு அடுத்த நொடியில் மீண்டும் தோன்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஒரு மனிதரின் நேர்மையைப் பற்றிய கேள்வி இது. ஒரே ஒரு வரியை வைத்து முடிவு எடுக்கவே கூடாது.

எந்தக் கணினியிலிருந்து என்பது 4663-இல் இருக்காது. நெட்வொர்க் வழியாக வந்த செயல்களில் ப்ராசஸ் என்ற இடத்தில் சிஸ்டத்தின் எண்ணான 4 மட்டும் இருக்கும். முகவரி வேண்டுமானால் லாகான் ஐடியைப் பிடித்துக்கொண்டு, அதே ஐடி உள்ள 5140-ஐத் தேடுங்கள்; ஷேரில் நுழைந்தபோது எழுதப்பட்ட அந்த வரியில் ஐபி முகவரி இருக்கும். 4624-இல் லாகான் டைப் 3 என்று இருக்கும் வரியிலும் கிடைக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் முகவரியோடு பதியும் 5145-உம் உண்டு. அது ஆடிட் டீடெயில்டு ஃபைல் ஷேர் என்பதன் கீழ் வருகிறது. ஃபோல்டர் வாரியாக அதைக் கட்டுப்படுத்த முடியாது. சர்வரிலுள்ள எல்லா ஷேர்களுக்கும் சேர்த்துக் கொட்டும். தோல்விகளுக்கு மட்டும் இயக்கலாம், அல்லது ஒரு விசாரணை நடக்கும் நாட்களில் மட்டும் இயக்கலாம்.

தோல்விகளைப் படிப்பதிலும் பொறுமை வேண்டும். பல மென்பொருள்கள் முதலில் எழுதும் உரிமையோடு திறக்க முயன்று, மறுக்கப்பட்டால் படிக்கும் உரிமையோடு மீண்டும் திறக்கும். பயனருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சில நிமிடங்களுக்குள் பல ஃபோல்டர்களில் அடுத்தடுத்து மறுக்கப்பட்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதுபோலவே ஒரு கணக்கு சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கோப்புகளை எழுதிப் பெயர் மாற்றுகிறது என்றால், முதலில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) என்று சந்தேகித்து அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

லாக் சொல்லாதவையும் உண்டு. ஒருவர் கோப்பைத் தன் பென்டிரைவில் நகல் எடுத்தாரா, திறந்து பார்த்தாரா என்று ஃபைல் சர்வருக்குத் தெரியாது. இரண்டுமே அதற்குப் படித்தல்தான். லாக்கில் இருப்பது கணக்கின் பெயரே தவிர மனிதரின் பெயர் அல்ல. நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லில் நுழையும் பொதுக் கணக்கு இருக்கும்வரை அந்தப் பெயருக்கு எந்த மதிப்பும் இல்லை. லாக்கை இயக்குவதற்கு முன்பே பொதுக் கணக்குகளை ஒழித்துவிடுங்கள். எல்லாக் கணினிகளின் கடிகாரத்தையும் ஒரே நேர சர்வரோடு பொருத்தி வையுங்கள்; இல்லாவிட்டால் இரண்டு லாக்குகளை ஒப்பிடவே முடியாது.

லாக்கைக் காப்பது

நிர்வாகி உரிமை உள்ளவரால் செக்யூரிட்டி லாக்கை ஒரே சொடுக்கில் காலி செய்ய முடியும். அப்படிச் செய்தால் 1102 என்ற ஈவென்ட் எழுதப்படும். ஆனால் அதற்கு முந்தையவை போய்விடும். ஆகவே ஈவென்ட்களை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்ப வேண்டும். விண்டோஸிலேயே ஈவென்ட் ஃபார்வர்டிங் வசதி இருக்கிறது. சேகரிக்கும் சர்வரின் நிர்வாகியும் ஃபைல் சர்வரின் நிர்வாகியும் ஒருவராக இல்லாதிருப்பது நல்லது.

தினமும் எல்லாவற்றையும் படிக்க யாராலும் முடியாது. சில எண்கள் வந்தால் மட்டும் மின்னஞ்சல் வரும்படி வையுங்கள்: லாக் அழிக்கப்பட்டதைச் சொல்லும் 1102, தணிக்கைக் கொள்கை மாறியதைச் சொல்லும் 4719, ஃபோல்டரின் ஆடிட்டிங் வரி மாறியதைச் சொல்லும் 4907, அனுமதி மாறியதைச் சொல்லும் 4670, ஷேர் உருவாக்கம், மாற்றம், நீக்கம் ஆகியவற்றுக்கான 5142, 5143, 5144. 4670-இல் பழைய அனுமதியும் புதிய அனுமதியும் குறியீட்டு வடிவில் அருகருகே இருக்கும்.

சம்பாவில்

லினக்ஸ் சர்வரில் சம்பாவின் ஃபுல் ஆடிட் என்ற தொகுதி இதே வேலையைச் செய்கிறது. சம்பாவின் அமைப்புக் கோப்பில், அந்த ஷேரின் பகுதியில், விஎஃப்எஸ் ஆப்ஜெக்ட்ஸ் என்ற வரியில் அதைச் சேர்க்க வேண்டும். பொதுப் பகுதியில் ஏற்கெனவே ரீசைக்கிள் (அழித்தவற்றை எடுத்து வைப்பது) போன்ற தொகுதிகள் இருந்தால் கவனம்: ஷேரில் எழுதும் வரி அந்தப் பட்டியலோடு சேராது, அதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிடும். தேவையான எல்லாத் தொகுதிகளையும் ஷேரின் வரியிலேயே மறுபடி எழுதுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வரும் முன்னொட்டில் பயனர் பெயர், ஐபி முகவரி, ஷேர் பெயர் மூன்றையும் வையுங்கள். விண்டோஸில் தேடி இணைக்க வேண்டியிருந்த முகவரி இங்கே ஒரே வரியில் கிடைத்துவிடும். பதிவுகள் லினக்ஸின் பொது லாக்கான சிஸ்லாக்குக்குப் போகும். அங்கிருந்து வேறு சர்வருக்கு அனுப்புவது எளிது.

பதிய வேண்டிய செயல்களின் பெயர்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பதிப்புகளில் அன்லிங்க் (அழித்தல்), ரீநேம் (பெயர் மாற்றல்) என்று இருந்தவை புதியவற்றில் அன்லிங்க்அட், ரீநேம்அட் என்று மாறிவிட்டன. பழைய பெயரை எழுதினால் பதிவு நடக்காமல் போவதோடு நிற்காது. அந்த ஷேரில் யாராலும் நுழையவே முடியாமல் போகும். அமைப்பைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் கட்டளையும் இந்தப் பிழையைப் பிடிக்காது. சம்பாவை மேம்படுத்தும் முன் ஒரு சோதனை ஷேரில் முயன்று பாருங்கள்.

சம்பா வழியாக வருவதை மட்டுமே ஃபுல் ஆடிட் பார்க்கும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் நுழைந்து அதே ஃபோல்டரில் கை வைப்பவரைப் பிடிக்க ஆடிட்டி (auditd) என்ற, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மட்டத்தில் பதியும் தணிக்கைச் சேவை தேவை. சம்பா பயனர்களையும் அதே சேவையில் தேடினால், உள்நுழைந்தவர் என்ற இடத்தில் 4294967295 என்ற எண் நிற்கும். உள்நுழைவு எதுவும் பதியப்படவில்லை என்பதே அதன் பொருள். சம்பா பயனரின் உண்மையான அடையாளத்தை, அதே வரியில் நடைமுறைப் பயனர் எண் (euid) இருக்கும் இடத்தில் பார்க்க வேண்டும்.